மடியில் எதுவும் இல்லாமல்

மகளின் முதல் பிரசவத்துக்காக 2019 மார்ச் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனேன். ஆறு மாதம் தங்கலாம் என்று விசா. பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, திப்பிலி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திப் புடவைகள் நான்கு. இதே சாமான்களோடு இதே வேலைக்காக விமானம் ஏறும் அம்மாக்களைச் சென்னை விமான நிலையத்தில் எந்த இரவிலும் பார்க்கலாம். படிவத்தில் நாங்கள் எல்லோரும் சுற்றுலாப் பயணிகள்.

புடவைகள் தூளி கட்டுவதற்கு. போன பிறகுதான் தெரிந்தது, அந்த அடுக்குமாடி வீட்டில் தூளி கட்ட உத்திரமும் இல்லை, கொக்கியும் இல்லை. அதற்குப் பதிலாகக் குழந்தையின் அறையில் ஒரு ஆடும் நாற்காலி இருந்தது. பழம்பொருள் கடையில் வாங்கினாளாம். மேப்பிள் மரம், பிரம்புப் பின்னல் இருக்கை, கால்களுக்கு அடியில் வில் போல வளைந்த இரண்டு கட்டைகள். உயரம் குறைவு. கைகள் இல்லை.

"என்னடி, கை உடைஞ்சதையா வாங்கின?" என்று கேட்டேன்.

"உடையலம்மா. இது அப்படித்தான். பால் கொடுக்க, தைக்க எல்லாம் உட்கார்ற நாற்காலி. கை இருந்தா முழங்கை இடிக்கும்ல."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. இரவு இரண்டு மணிக்குப் பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம், கையில்லாத நாற்காலி என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக்குக் கை எதற்கு? உட்காருகிறவரின் கை ஓய்வெடுப்பதற்கு. இதில் உட்காருபவளின் கை ஓய்வெடுக்காது என்று இதைச் செய்த தச்சனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவளுக்கு உட்காரத்தான் இடம் வேண்டும், கையை வைக்க இடம் வேண்டாம்.

அந்த ஊர்ப் பழைய வரவேற்பறைகளில் நாற்காலிகள் செட்டாக வரும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆண் நாற்காலி பெரியது, முதுகு உயர்ந்தது, கைகள் உள்ளது. பெண் நாற்காலி சிறியது, தாழ்ந்தது. பெரும்பாலும் கைகள் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். பெண்களின் அகலப் பாவாடைகளுக்காக அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தையல் நாற்காலிகள் சிலவற்றில் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன இழுப்பறையும் இருக்கும், நூலும் ஊசியும் வைக்க. அதற்குப் பாவாடை காரணமாக முடியாது.

எங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி இருந்தது. திருநெல்வேலியில் அப்பாவின் சாய்வு நாற்காலி. கித்தான் துணி போட்டது, கைகள் முழ நீளத்துக்கு முன்னால் நீண்டிருக்கும். அலுவலகம் விட்டு வந்தால் அப்பா அதில் சாய்ந்து, இரண்டு காலையும் தூக்கி அந்தக் கைகளின் மேல் போட்டுக்கொள்வார். அந்த நாற்காலியில் கால்களுக்கும் கை இருந்தது! அம்மா அதற்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்து முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். அரிசியில் கல் பொறுக்குவாள், கீரை ஆய்வாள், எதுவுமே இல்லாவிட்டால் பூ தொடுப்பாள். அப்பா இறந்து பதினோரு வருஷம் அம்மா உயிரோடு இருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூட்டு வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனபோதும், நிலைப்படியில்தான் உட்கார்ந்தாள். கித்தான் இற்றுக் கிழிந்தபோது புதிதாகத் தைத்துப் போட்டதும் அவள்தான்.

யாராவது வந்து "என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டால், உளுந்து ஊறப்போட்டுவிட்டு, துணி நனைத்துவிட்டு, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா சொல்லும் பதில்: "சும்மாதான் இருக்கேன்."

சும்மா. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. சும்மா இருத்தல் எவ்வளவு அரிய நிலை என்று தாயுமானவர் பாடினார்; நம் ஞான மரபில் அது கடைசிப் படி. வீட்டில் அதே சொல் ஒரு குற்றச்சாட்டு. "சும்மாதானே இருக்கா" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், அவள் சம்பாதிக்கவில்லை என்று அர்த்தம். ஆணுக்கு வீடுபேறாக இருப்பது பெண்ணுக்கு வசவாக இருக்கிறது. இதில் வேடிக்கை, அவள் சும்மா இருப்பதே இல்லை. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நான் மாசசூசெட்ஸில் இருந்த அதே 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம்; ஆண் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். பெண்களில் 81 சதவீதம் பேர் கை வைக்கிறார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர்.

நாற்காலிக்கு வருகிறேன்.

ஆடும் நாற்காலியைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் என்று ஒரு கதை நெடுநாளாகச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பெயர் தெரிந்த ஆண் ஒருவர் அருகில் இருந்தால் கண்டுபிடிப்பு தானாக அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. உண்மையில் அந்த வளைகட்டைகள் தொட்டிலிலிருந்து வந்தவை. ஐரோப்பாவில் தொட்டிலுக்கு அவற்றைப் போட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்து, 18ஆம் நூற்றாண்டில்தான் பெரியவர்களின் நாற்காலிக்குப் போட்டார்கள். தொடக்கத்தில் பலரும் வீட்டில் கிடந்த சாதாரண நாற்காலியின் கால்களைச் சற்றே அறுத்து, கட்டைகளைப் பொருத்திக்கொண்டார்கள். பழம்பொருள் வாங்குகிறவர்கள் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பது அதனால்தான். ஆடுவதற்கென்றே பிறந்ததா, பிற்பாடு ஆட வைக்கப்பட்டதா என்பது காலின் அடியில் தெரியும்.

1820களுக்குப் பிறகு நியூ இங்கிலாந்துப் பகுதியில் இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இருக்கை முன்னால் சுருண்டு இறங்கும், மேல்பட்டையில் பொன்னிறப் பூவும் பழமும் அச்சிட்ட 'பாஸ்டன் ராக்கர்' என்ற வகைதான் இன்றும் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் லாம்பர்ட் ஹிட்ச்காக் என்பவர் நாற்காலித் தொழிற்சாலை வைத்திருந்தார். மரவேலை ஆண்களுக்கு. வெட்டுத்தாளை வைத்து உலோகப்பொடி தேய்த்துப் பூவேலை செய்யும் வேலையில் பெண்களும் குழந்தைகளும். செய்து முடித்த நாற்காலியின் இருக்கைக்குப் பின்விளிம்பில் அதே முறையில் ஒரு பெயரையும் பதித்தார்கள்: எல். ஹிட்ச்காக். இன்று ஒரு நாற்காலி அசலா போலியா என்று பார்ப்பவர்கள் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்கள்.

மாசசூசெட்ஸில் கார்ட்னர் என்றொரு ஊர் இருக்கிறது. நாற்காலி நகரம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நாற்காலிக்கான பிரம்புப் பின்னலைச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடி பின்னி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குவார்கள். நம் ஊரில் பீடி சுற்றும் முறைதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரியான எனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் படித்த வகுப்பில் மாலை மணி அடித்ததும் ஓடுகிற பெண்பிள்ளைகள் விளையாட ஓடியதில்லை; பீடித் தட்டுக்கு ஓடினார்கள். என் மகளின் நாற்காலியில் இருக்கும் பின்னலை யார் பின்னினார்கள் என்று அறிய வழியில்லை. எத்தனையாவது பின்னலோ. ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர் உட்காருவதற்கு முன் இன்னொருத்தி அதன்மேல் குனிந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பழம்பொருள் கடைக்கு ஒருமுறை போனோம். அங்கேதான் அதைப் பார்த்தேன். ஆறடி நீள மரப் பெஞ்சு, அடியில் வளைகட்டைகள். ஒரு பாதியில் ஆள் உட்காரலாம். மறு பாதியில் முன்புறம் கம்பி வேலி போல ஒரு தடுப்பு, கழற்றி மாட்டலாம். வேலிக்குப் பின்னால் குழந்தையைக் கிடத்திவிட்டு, பக்கத்தில் அம்மா உட்கார்ந்துகொள்வாள். கால் தரையை உந்தும், பெஞ்சு முழுவதும் ஆடும், குழந்தை தூங்கும். இரண்டு கையும் காலியாக இருக்கும், தைக்க, பின்ன, பட்டாணி உரிக்க. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நியூ இங்கிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் இது புழக்கத்தில் இருந்தது.

கெட்டிக்காரத்தனமான பொருள். சந்தேகமே இல்லை. ஒரு பெண்ணின் கால், கை, கண், காது நான்கையும் தனித்தனி வேலைக்கு அனுப்பிவிட்டு, அவளைப் பார்த்தால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பதுபோல் தோன்ற வைக்கும் பொருள் இதைவிட வேறு இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவன் சொல்லுவான்: பாரேன், எவ்வளவு நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறாள்.

இதைப் பழம்பொருள் வியாபாரிகள் 'மேமி பெஞ்சு' என்றும் அழைக்கிறார்கள். மேமி என்பது, வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களை, அடிமைகளாகவும் பின்னர் வேலைக்காரிகளாகவும் இருந்தவர்களை, அந்த நாடு அழைத்த பெயர். அவர்களில் எத்தனையோ பேருடைய சொந்தக் குழந்தைகள் விற்கப்பட்டிருந்தன. வாஞ்சையான பெயர் போலக் கேட்கும். கடைக்காரப் பெண்மணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல மனுஷி. என் மகளின் முகம் மாறியதை நான் கவனித்தேன். நம் ஊரில் "ஆயா" என்று சொல்லும்போது நம் முகம் மாறுவதில்லை.

இங்கிருந்து என் கேள்வி ஆரம்பிக்கிறது. ஓய்வு என்பது என்ன? வேலை இல்லாத நேரமா? அப்படியானால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அது இல்லை. நாற்காலியில் சாய்ந்து உடம்பைத் தளர்த்துவதா? அப்படியானால் அவளுக்குப் பாதி இருக்கிறது. நானும் இரவு இரண்டு மணிக்கு நாற்காலியில்தான் இருந்தேன். உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது. குழந்தையின் மூச்சு கழுத்தில் படும் சுகத்தை வேலை என்று சொன்னால் பொய். ஆனாலும் காலையில் எழுந்தபோது ஓய்வெடுத்தவளாக நான் எழவில்லை.

அடுத்த நாள் உழைப்பதற்காக இன்று கொஞ்சம் படுப்பது ஓய்வு அல்ல, பராமரிப்பு. வண்டிக்கு எண்ணெய் விடுவதைப் போல. அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகப் பார்த்தார். வேலை என்பது ஓய்வுக்காக, ஓய்வு வேறு எதற்காகவும் அல்ல, அதுவே ஒரு முடிவு என்பது அவருடைய 'அரசியல்' நூலின் நிலைப்பாடு. அழகான கருத்து. அந்த ஓய்வு சுதந்திரமான ஆண்களுக்கானது என்பதும், அதற்கு அடிமைகள் வேண்டும் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. நம் தத்துவப் பாடப்புத்தகங்களில் முதல் பாதியைப் பெரிய எழுத்திலும் இரண்டாம் பாதியை "அக்கால வழக்கம்" என்று ஒற்றை வரியிலும் போடுவார்கள்.

உட்கார்ந்து ஆடும் பெண்ணைக் கண்டால் ஆண்களுக்கு மட்டும்தான் பொறுக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஹாரியட் மார்ட்டினோ என்ற ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் 1834இல் அமெரிக்கா போய் இரண்டு ஆண்டு சுற்றினார். அந்த நாட்டில் பெண்களுக்கு அரசியல் இருப்பே இல்லை என்று 1837இல் துணிச்சலாக எழுதியவர். அடுத்த ஆண்டு வந்த பயணநூலில், விடுதிக் கூடங்களில் பெண்கள் ஆளுக்கொரு திசையில் ஆளுக்கொரு வேகத்தில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலைசுற்றியதாக எழுதினார். சோம்பேறித்தனமான, நளினமற்ற பழக்கமாக அது அவருக்குப் பட்டது. எனக்கு மார்ட்டினோவைப் பிடிக்கும். இந்த இடத்தில் மட்டும் அவரிடம் சண்டை போடத் தோன்றுகிறது. மடியில் குழந்தையோ தையலோ இல்லாமல், பொது இடத்தில், தன் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள்! அவரைத் தலைசுற்ற வைத்தது அந்த அசைவு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

ஆண் ஆடினால் கதை வேறு. ஆப்ரகாம் லிங்கன் 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்தது, சிவப்புத் துணி போர்த்திய, கைகள் உள்ள ஆடும் நாற்காலியில். இன்று அது மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஜான் கென்னடிக்கு முதுகுவலி. ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தவர் டாக்டர் ஜேனட் டிராவெல். அமெரிக்க அதிபரின் தனி மருத்துவராக அமர்ந்த முதல் பெண். கென்னடி போன இடமெல்லாம் நாற்காலியும் போனது, படங்கள் வந்தன, ஆடும் நாற்காலி சிந்திக்கும் தலைவனின் அடையாளமானது. 1996இல் அவருடைய நாற்காலி ஒன்று 4 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. டிராவெல் அம்மையாரின் பெயரை நான் சொன்ன யாருக்கும் தெரியவில்லை.

சரி, பெண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் போதுமா? கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெயர் மிட்செல் என்ற பிலடெல்பியா மருத்துவர் 'ஓய்வுச் சிகிச்சை' என்ற ஒன்றைப் பிரபலமாக்கினார். சோர்ந்து போன, வசதியான வீட்டுப் பெண்களைப் படுக்க வைத்து, கொழுக்க ஊட்டி, எழுந்திருக்க, படிக்க, எழுத விடாமல் வாரக்கணக்கில் வைத்திருப்பது. 1887இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு அவரிடம் போனார். பேனாவைத் தொடக்கூடாது என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போய், அறிவுரையைத் தூக்கிப் போட்டுத்தான் பிழைத்தார். 1892இல் வெளியான அவருடைய 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை அதிலிருந்து பிறந்தது.

நம் வீடுகளிலும் இது இருக்கிறது. "நீ ரெஸ்ட் எடு, வேலைக்குப் போக வேணாம்" என்று கல்யாணமான புதிதில் சொல்லும் குரலைப் பல தோழிகள் கேட்டிருப்பீர்கள். மாதவிலக்கு நாட்களில் ஒதுக்கி உட்கார வைத்ததைக்கூட "பொம்பளைக்கு ஓய்வு வேணும்னுதான் வச்சாங்க" என்று விளக்கம் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தானாக எழுந்திருக்க முடியாத இடத்தில் உட்காருவது ஓய்வு இல்லை. அதற்கு வேறு பெயர்.

ஆடும் நாற்காலியில் எனக்குப் பிடித்ததே இதுதான். அது தானாக ஆடாது. யாரும் ஆட்டிவிடவும் வேண்டாம். பெருவிரலால் தரையை லேசாக உந்தினால் ஆடுகிறது. விட்டால் மெல்ல மெல்ல நின்றுவிடுகிறது. எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்த வேண்டும், மூன்றையும் உட்கார்ந்திருப்பவள்தான் தீர்மானிக்கிறாள். கட்டிலில் படுத்தவளுக்குக்கூட இந்த அதிகாரம் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் அடுப்பில் இருப்பதை யார் பார்த்துக்கொள்வார்கள்? தத்துவம் இங்கே வந்து தடுக்கி விழும். மகள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய ஒரு பெண் வருவார். பிரேசில் நாட்டுக்காரர். குழந்தையைப் பார்த்தால் சிரிப்பார், நாற்காலியை நகர்த்திவிட்டு அடியில் பெருக்குவார், திரும்ப அதே இடத்தில் வைப்பார். என் ஊர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர் 22 ஆண்டுகளாக வருகிறார். அவர் வந்ததால்தான் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன், பேப்பர் திருத்தினேன், பெண் விடுதலை பற்றிக் கூட்டங்களில் பேசினேன். என் வீட்டு நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "உட்காருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே அவர் உட்கார மாட்டார் என்று எனக்குத் தெரியும்; உட்கார்ந்திருந்தால் எனக்குள் என்ன நடந்திருக்கும் என்றும், கொஞ்சம் தெரியும். அவர் வேறு சாதி. என் அம்மாவை உட்கார விடாத நாற்காலியைப் பற்றி எழுதும்போது வரும் கோபம், இதை எழுதும்போது வரமாட்டேன் என்கிறது, கூச்சம்தான் வருகிறது. ஒரு பெண்ணின் ஓய்வை இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றி வைத்துவிட்டு அதற்கு உரிமை என்று பெயர் வைக்கலாமா? ஓய்வும் ஓய்வுநேரமும் மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த உரிமை எல்லோருக்கும் என்றால், யாருடைய முறத்தையும் யார் வாங்கிக்கொள்வது?

எனக்கு ஒரு பாதிப் பதில் கிடைத்தது ஹான்காக் என்ற இடத்தில். மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில், ஷேக்கர்கள் வாழ்ந்த கிராமம், இப்போது அருங்காட்சியகம். ஜூன் மாதத்தில் மாப்பிள்ளை கூட்டிப் போனார்.

ஷேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர் ஆன் லீ, மான்செஸ்டர் நகரத்து ஏழைப் பெண். நான்கு குழந்தைகளைப் பெற்று நான்கையும் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். 1774இல் கப்பலேறினார். திருமணமும் தாம்பத்தியமும் வேண்டாம், சொத்து பொது, நிர்வாகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம இடம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கடவுள் கொள்கை எனக்கு ஒட்டவில்லை, பிரம்மச்சரியமும்தான். ஆனால் பிள்ளை பெற மறுத்த இந்தக் கூட்டத்தார்தான் அந்த நாட்டின் மிகச் சிறந்த ஆடும் நாற்காலிகளைச் செய்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். தொட்டிலே இல்லாத ஊர்! வயதானவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் முதலில் செய்தார்கள். பிறகு நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனான் கிராமத்திலிருந்து வெளியே விற்றார்கள். சிறு குழந்தைக்கு 0, பெரிய ஆளுக்கு 7 என்று அளவெண் போட்டு. 1876 பிலடெல்பியாக் கண்காட்சியில் பதக்கமும் வாங்கின. இருக்கைக்கான நாடாவைப் பின்னியவர்கள் பெண்கள். ஆண்கள் குறைந்துபோன கடைசிக் காலத்தில் நாற்காலித் தொழிலையே தாங்கியவர்களில் சாரா காலின்ஸ், லில்லியன் பார்லோ என்ற இரு சகோதரிகள் உண்டு. 1947இல் மவுண்ட் லெபனான் மூடப்பட்டது.

ஷேக்கர் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், எடையே இல்லை. அலங்காரமும் இல்லை. பழைய நாற்காலி வாங்குகிறவர்கள் கொண்டாடுவது அந்த எளிமையை. என் மனதில் நின்றது அதுவல்ல, அங்கே கேட்ட வேறொரு விஷயம். அந்தச் சமத்துவக் கிராமத்திலும் சமையல், துவையல் எல்லாம் பெண்கள்தான், வயலும் தச்சும் ஆண்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்களுக்குள் வேலை முறை வைத்துச் சுற்றிவந்தது. சில வாரம் அடுக்களை, பிறகு துவையல், பிறகு தறி. சமையலறையில் நிற்கும் சகோதரிக்குத் தன் முறை எந்தத் தேதியில் முடியும் என்று தெரியும். என் அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வருஷம் தெரியவில்லை.

வேலை தீர்ந்தால் உட்காரலாம் என்றால் எந்தப் பெண்ணும் உட்கார முடியாது, வீட்டுவேலை தீராது. இன்னொருத்திக்குக் கூலி கொடுத்தால் உட்காரலாம் என்றால் அவள் உட்கார முடியாது. முறை முடிந்தது, அதனால் உட்காருகிறேன் என்று சொல்வதற்கு மட்டும்தான் யாருடைய முதுகும் தேவைப்படுவதில்லை. ஷேக்கர்கள் அதைப் பெண்களுக்குள் மட்டும் சுற்ற வைத்தார்கள். அங்கேயே அது நின்றுபோக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லையே.

திரும்பி வரும் வழியில் காரில் இதைச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் அந்த வாரமே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினார். மூன்று பெயர், ஏழு நாள். என் பெயருக்கு நேரே குறைவாகப் போட்டிருந்தார். "அத்தை, நீங்க விருந்தாளி" என்றார். விருந்தாளி இல்லை என்று நான் சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கை அவ்வளவு சுலபத்தில் அடங்காது.

ஆகஸ்டு மாதக் கடைசி, ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம். மதியம் மூன்று மணி. பேத்தி தன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். துணி மடித்தாயிற்று. மூன்றாவது மாடி ஜன்னல் வழியே மரத்தில் வெயில். நான் அந்தக் கையில்லாத நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் கோத்தேன், பிரித்தேன், புடவைத் தலைப்பைச் சுருட்டத் தொடங்கியதைக் கண்டு விட்டேன். பிறகு உள்ளங்கை மேலே பார்க்க, சும்மா போட்டுவிட்டேன். பெருவிரலால் உந்தினேன்.

மகள் கதவருகே வந்து நின்றாள்.

"என்னம்மா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பாப்பா முழிச்சிட்டாளா?"

"தூங்குறா. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

அவள் என் மடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அடுக்களையிலிருந்து குழாய்ச் சத்தம். அன்றைக்கு மாப்பிள்ளையின் முறை. என் தோசைக்கல்லை அவர் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஆறு மாதம் எண்ணெய் தடவிப் பழக்கிய கல். நாற்காலி ஆட்டம் நிற்கப் போனது. காலைத் தரையில் ஊன்றி இன்னொரு முறை உந்தினேன்.